முன்சீற்றுத் தலையிடி

நிரோஜினிக்குக் கணவன் ஓடும் வாடகை வானில் ஏறினால் மட்டுந்தான் தலையிடி வரும். இதை அவளே கண்டுபிடிக்க ஒரு வருடத்துக்குக் கிட்டப் போய்விட்டது.

அதுவரை மற்றவர்கள் சொன்னதையே அவளும் நம்பினாள். தையல் மெசினுக்கு முன்னால் குனிந்தபடி இருக்கிறவள், கண்தான் காரணம் என்றார்கள். கண்ணாடி போட்டாள். தலையிடி போகவில்லை. காலையில் ஒழுங்காகச் சாப்பிடாமல் வெளிக்கிடுவதால் என்றார்கள். ஒருவேளை வயிற்றில் ஏதும் தங்கியிருக்கிறதோ என்று சந்தோசப்பட்டவர்களும் உண்டு. அவளுக்கும் றஜிந்தனுக்கும் கலியாணமாகிப் பல வருடம், பிள்ளையில்லை. அதுவும் இல்லையென்று ஆனபிறகு வைத்தியர் குளிசை எழுதிக் கொடுத்தார். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் காற்றாட நின்றால் குளிசை போடாமலே தலையிடி போய்விடுவதை அவள் கவனித்தாள். பஸ்ஸில் போனால் வருவதில்லை. மோட்டார் சைக்கிளில் போனால் வருவதில்லை. வானிலும் பின்சீற்றில் இருந்தால் குறைவு.

யாழ்ப்பாணத்துக் குருநகரில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே தள்ளி அவர்களுடைய வீடு. றஜிந்தன் வான் ஓடுகிறவன். கலியாண வீடு, செத்த வீடு, கோயில், விமான நிலையம் என்று யார் கூப்பிட்டாலும் போவான். வான் பழையது. பெற்றோல் எஞ்சின், அது முன்சீற்றுகளுக்குக் கீழேயே இருக்கும். சீற்றை மடக்கி, கீழேயிருக்கும் தகர மூடியைத் திறந்தால்தான் எஞ்சின் தெரியும். நீண்ட ஓட்டத்தில் முன்னுக்கு இருப்பவர்களுக்குத் தொடை சுடும்.

அந்த வானை அவன் திருத்தக் கராச்சுக்குக் கொண்டுபோவது அபூர்வம். காலையில் பல் தீட்டிக்கொண்டே வானுக்குக் கீழே குனிந்து நிலத்தைப் பார்ப்பான். ஈரம் கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஒயில். பச்சையாக, இனிப்பு மணமாக இருந்தால் ரேடியேற்றர் தண்ணி. சக்கரத்துக்கு உட்பக்கம் வழுவழுப்பாகக் கண்டால் பிரேக் ஒயில், அன்றைக்கு ஓட்டம் இல்லை. ஓடிவிட்டு வந்ததும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பான். ஒன்று மட்டும் கூடச் சுட்டால் அதில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். ஸ்ராட் பண்ணும்போது லைற் மங்கினால் பற்றறி. லைற் மங்காமல் ‘டக்’கென்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் ஸ்ராட்டர் மோட்டார். ஒழுங்கையில் உள்ளவர்கள் தங்கள் ஓட்டோக்களையும் கார்களையும் கொண்டுவந்து அவனிடம் காட்டுவார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்டுவிட்டுச் சொல்லுவான். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நிரோஜினிக்கு அதில் பெருமை உண்டு.

அதனால்தான் அவனிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் சோறு போட்டபடி சொல்லிவிட்டாள்.

“என்னப்பா, எனக்கு உந்த வானிலை ஏறினாத்தான் தலையிடிக்குது.”

“வானிலை என்ன இருக்கு தலையிடிக்க?”

“தெரியேல்லை. ஒரு மணம் வருது.”

“பெற்றோல் மணமோ?”

“பெற்றோல் இல்லை. எரிஞ்ச மணம் மாதிரி. வரும், பேந்து இராது.”

அவன் கையைக் கழுவிவிட்டு உடனே போய்ப் பார்த்தான். தட்டிக்கழிக்கவில்லை. பெற்றோல் குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவி, விரலை மணந்து பார்த்தான். எங்கேயும் ஒழுக்கு இல்லை.

“ஒண்டும் இல்லை நிரோ. நான் நாள் முழுக்க உதுக்குள்ளைதானே இருக்கிறன். எனக்கு ஏன் இடிக்கேல்லை?”

அவன் எந்த நேரமும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்தபடிதான் ஓடுவான். அவள் புழுதிக்கும் தலைமயிர் பறப்பதற்கும் பயந்து தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுவாள். அந்த வித்தியாசம் இருவருக்குமே அப்போது தோன்றவில்லை.

வானில் ஒரு சத்தமும் இருந்தது. காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது ‘டிக் டிக் டிக்’ என்று கேட்கும். கொஞ்சத் தூரம் ஓடிச் சூடானதும் அடங்கிவிடும். எஞ்சினுக்குள் வால்வுகளைத் தள்ளும் டப்பெற்தான் தட்டுகிறது என்று சொல்லி, மூடியைத் திறந்து அதன் இடைவெளியைச் சரிசெய்து பார்த்தான். சத்தம் போகவில்லை. பழைய எஞ்சின்தானே, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

மார்கழிக் கடைசியில், கிறிஸ்மஸ் முடிந்ததும், நிரோஜினியின் தம்பி எமில்ராஜின் மனைவி யசிந்தாவின் தங்கைக்கு மன்னாரில் கலியாணம். எமில் ஓட்டோ ஓடுகிறவன், வானும் ஓடுவான். அவனும் யசிந்தாவும் எட்டு மாதக் குழந்தையும் றஜிந்தனின் வானில் முன்கூட்டியே போவது, கலியாண வேலைகளுக்கு வான் அங்கேயே நிற்பது, நிரோஜினியும் றஜிந்தனும் பிறகு பஸ்ஸில் வருவது என்று பேச்சு.

அவர்கள் வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பின்னேரம் முழுவதும் றஜிந்தன் வானோடுதான் நின்றான். கதவு இடுக்கால் மழைத்தண்ணி உள்ளே வரக்கூடாதென்று எல்லாக் கதவுகளுக்கும் புது றப்பர் வைத்து இறுக்கினான். முன்சீற்றுக்குக் கீழே எஞ்சின் மூடிக்கு மேல் விரித்திருந்த பழைய கார்ப்பெட் ஈரம் ஊறி நாறியது. அதை இழுத்தெடுத்துக் கிணற்றடியில் போட்டான்.

“ஊத்தைக் கார்ப்பெட்டோடை குழந்தையைக் கொண்டுபோகக் கூடாது” என்றான்.

விடிந்தபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பின்சீற்றெல்லாம் பெட்டியும் பையும் பலகாரத் தகரமுமாக நிறைந்துவிட்டதால் யசிந்தா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னுக்கு ஏறினாள். குழந்தைக்குச் சளி. இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறுக்கி ஏற்றினார்கள். டிக் டிக் என்று சத்தம் போட்டபடி வான் ஒழுங்கை திரும்பிப் போனது. நிரோஜினி படலையைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, ஒரு சட்டைக்குக் கொழுக்கி வைத்து முடித்தாள்.

பிறகுதான் கிணற்றடிக் கார்ப்பெட் மழையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. கொட்டகைக்குள் போடலாம் என்று தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அதே மணம்.

ஈரத்துக்குள்ளாலும் அது வந்தது. பெற்றோல் இல்லை, ஒயில் இல்லை, தலையிடி தொடங்குவதற்குச் சற்று முன்னால் வந்துவிட்டுப் போகும் அந்த எரிந்த மணம். கார்ப்பெட்டைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் ஒரு மூலையிலிருந்து விசிறி விரித்த மாதிரி ஒரு கறுப்பு. இரவு முழுக்கப் பெய்த மழையும் அதைக் கழுவியிருக்கவில்லை.

“இஞ்சருங்கோ! கெதியா வாங்கோ!”

றஜிந்தன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தான்.

“இதை மணந்து பாருங்கோ. எனக்குத் தலையிடி வரேக்கை வாறது இந்த மணம்தான்.”

அவன் மணந்தான். கறுப்பை விரலால் தேய்த்துப் பார்த்தான். ஒயில் என்றால் வழுக்கும், பிசுபிசுக்கும். இது சோற்றுப்பானையின் அடியில் பிடிக்கும் கரி மாதிரி விரலில் ஒட்டியது. கோப்பையைக் கிணற்றுக் கட்டில் வைத்தான். சரியாக வைக்கவில்லை, அது சரிந்து விழுந்து உடைந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

“இது சைலன்சர் கரி” என்றான். “பின்னாலை போகவேண்டியது முன்சீற்றுக்குக் கீழை எப்பிடி…” நிறுத்தினான். அவன் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். “அது டப்பெற் இல்லை நிரோ. அந்தச் சத்தம் டப்பெற் இல்லை. சைலன்சர் குழாய் எஞ்சினோடை பொருந்துற இடத்திலை வெடிச்சு ஊதுது. சூடேற இரும்பு விரிஞ்சு சத்தம் அடங்கியிருக்கு. நான் சரி எண்டு விட்டிட்டன்.”

“புகைதானேயப்பா? புகை வந்தா அவங்களுக்குத் தெரியுந்தானே?”

“கண்ணுக்குத் தெரியாத, மணக்காத நச்சுவாயு ஒண்டும் அதுக்குள்ளை இருக்கு. ஆளை நித்திரையாக்கிப்போடும்.” அவன் கார்ப்பெட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். “இதுதான் பாதியை மறிச்சிருக்கு. நான் இதையும் எடுத்துப்போட்டன். கதவுக்கெல்லாம் றப்பரும் வைச்சு அடைச்சுக் குடுத்திருக்கிறன்.”

நிரோஜினி வீட்டுக்குள் ஓடினாள். எமிலின் இலக்கத்தை அழுத்தினாள். தொடர்புகொள்ள முடியாதென்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொன்னது. யசிந்தாவின் இலக்கத்தை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது. திரும்ப அழுத்தினாள். திரும்பவும் ஓய்ந்தது. தொடர்பு கிடைக்காத எமிலின் போனைவிட, அடித்தும் எடுக்காத இந்தப் போன்தான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது.

அடுத்த தரம் யசிந்தா எடுத்தாள்.

“மச்சாள்…” குரல் இழுபட்டது.

“யசிந்தா, எங்கை நிக்கிறியள்?”

“தெரியேல்லை… பாலம் வரப்போகுதாம், மழைக்கு மெல்ல மெல்லத்தான் ஓடுறார். எனக்கு ஒரே தலையிடி மச்சாள். வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரிக் கிடக்கு.”

“குழந்தை?”

“நல்ல நித்திரை. பாலுக்கும் எழும்பேல்லை.”

“கண்ணாடியை இறக்கு! யசிந்தா, கேக்குதோ? கண்ணாடியை இறக்கு, வானை நிப்பாட்டச் சொல்லு, குழந்தையை வெளியிலை கொண்டுபோ!”

மறுபக்கத்தில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. சொன்னது காதில் விழுந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதன்பிறகு அந்த இலக்கத்துக்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

பாலம் என்றால் சங்குப்பிட்டி. அதைத் தாண்டினால் பூநகரி. அதற்கப்பால் மன்னார் வரைக்கும் ஆளரவம் குறைந்த றோட்டு. றஜிந்தன் தன் போனில் யாகப்புவைப் பிடித்தான். யாகப்பு பூநகரிச் சந்திக்குக் கிட்ட மீன் வாங்கி ஐஸ் போட்டு அனுப்புகிறவர். குருநகரில் பிறந்தவர், அறுபதைத் தாண்டியவர்.

“யாகப்பு அண்ணை, என்ரை வான் உங்காலை வருது. எப்பிடியெண்டாலும் மறியுங்கோ. உள்ளை புகை அடைச்சுக் கிடக்கு, குழந்தை இருக்கு.”

“வெள்ளை வானோ? காலமை இதாலை போறதெல்லாம் வெள்ளை வான்தான் தம்பி.”

“முன் கண்ணாடிக்கு மேலை சிவப்பிலை ‘புனித யாகப்பர் துணை’ எண்டு எழுதியிருக்கு அண்ணை.”

“சரி, வை போனை.”

மழையங்கியைத் தேட நேரமில்லை. றஜிந்தன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். நிரோஜினி அவனுடைய போனைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். நாவற்குழி தாண்டியதும் காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. மழை ஊசி மாதிரி முகத்தில் குத்தியது. அவள் செபம் சொல்லத் தொடங்கினாள். ‘அருள் நிறைந்த மரியே’ என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. குழந்தையின் நெற்றியில் தான் காலையில் வைத்த பொட்டு மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு வளைவிலும் றோட்டோரத்துக்குள் வெள்ளையாக ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று பார்த்தாள். ஓரிடத்தில் பற்றைக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. அவள் அலறினாள். கிட்டப் போனால், யாரோ எறிந்துவிட்டுப் போன பழைய தண்ணித் தாங்கி.

பாலத்தில் ஏறியபோது நெஞ்சோடு பிடித்திருந்த போன் அதிர்ந்தது. “நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!” என்று அவன் முதுகில் அடித்தாள். இருபக்கமும் கடல் நீர் கலங்கிக் கிடந்தது. போனை இரண்டு பேரின் காதுக்கும் நடுவில் பிடித்தாள்.

“மறிச்சிட்டன்” என்றார் யாகப்பு. மூச்சு வாங்கினார். “என்ரை லொறியைக் குறுக்காலை விட்டன். பெடியன் கடைசி நேரத்திலைதான் பிரேக் அடிச்சவன். லொறியோடை முட்டிற மாதிரி வந்து நிண்டது. இறக்கிவிட்டா நித்திரையாலை எழும்பினவன் மாதிரி முழுசிறான்.”

“குழந்தை?” என்றாள் நிரோஜினி.

யாகப்பு அங்கே யாரிடமோ “கெதியா, கெதியா” என்று கத்தினார்.

“அண்ணை, குழந்தை என்ன மாதிரி?”

“பூநகரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம் பிள்ளை. நீங்கள் நேரை அங்கை வாங்கோ.”

ஆஸ்பத்திரி வாசல் படியில் எமில் இருந்தான். சேட்டெல்லாம் வாந்தி. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு கட்டிலில் யசிந்தா, முகத்தில் ஒட்சிசன் முகமூடி. அடுத்த கட்டிலைச் சுற்றித் தாதிமார் நின்றார்கள். அவர்களுடைய கைகளுக்கிடையில் குழந்தையின் ஒரு கால் மட்டும் நிரோஜினிக்குத் தெரிந்தது. அது அசையவில்லை.

இளம் பெண் வைத்தியர் திரும்பினார். “வானுக்குள்ளை புகை எண்டு அந்த ஐயா சொன்னவர். உண்மையோ? காய்ச்சல், வலிப்பு ஒண்டும் இல்லையோ?”

“ஓம் டொக்டர், புகைதான்” என்றான் றஜிந்தன். “சைலன்சர் புகை உள்ளுக்கை போயிருக்கு. வெளிக்கிட்டதிலையிருந்து கண்ணாடி பூட்டித்தான் வந்தவை.”

வைத்தியர் குழந்தையின் முகத்திலிருந்த சின்ன முகமூடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஒட்சிசன் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நிரோஜினி சுவரோடு சாய்ந்து நின்றாள். அவளுடைய உடுப்பிலிருந்து தண்ணி வழிந்து நிலத்தில் தேங்கியது. யாரும் அதைப் பார்க்கவில்லை. யசிந்தா முகமூடிக்குள்ளிருந்து ஏதோ கேட்டாள். யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் என்ன கேட்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கால் மெல்ல மடங்கியது. பிறகு உதைத்தது. முதலில் இருமல் மாதிரி ஒன்று, அதன் பின்னால் அழுகை. பெரிய அழுகையில்லை, சளி கட்டிய மெல்லிய அழுகை. வைத்தியர் தன்னையறியாமல் “அழு, அழு, நல்லா அழு” என்றார்.

அம்புலன்ஸில் மூவரையும் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தைச் சோதித்தார்கள், சில நாள் வைத்துப் பார்த்தார்கள். குழந்தைக்குப் பாதிப்பு எதுவும் தெரியவில்லை, ஆனாலும் கிளினிக்குக்குத் தொடர்ந்து கொண்டுவரச் சொன்னார்கள். மன்னார்க் கலியாணம் இவர்கள் யாரும் இல்லாமலே நடந்தது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் எமில் மச்சானைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“ஊரிலை எல்லாற்றை எஞ்சினையும் சத்தத்திலை சொல்லுறனீங்கள். உங்கடை சொந்த வானிலை தெரியேல்லையோ அத்தான்?”

றஜிந்தன் நிலத்தைப் பார்த்தான். நிரோஜினி அவனுக்காக எதுவும் சொல்லவில்லை. தம்பிக்காகவும் சொல்லவில்லை. தனக்கு எத்தனை நாள் தலை இடித்தது என்றுதான் அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வானை ஸ்ராட் பண்ணாமல் யாகப்புவின் லொறியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முற்றத்தில் நிறுத்தி, கதவெல்லாம் திறந்து, சீற்றை மடக்கி, மூடியைக் கழற்றினான் றஜிந்தன். மூடியைச் சுற்றியிருந்த றப்பர் ஒரு பக்கத்தில் உக்கிக் காணாமலே போயிருந்தது. குழாய் பொருந்தும் இடத்தில் சவுக்காரத் தண்ணியைத் தெளித்தான்.

“நிரோ, ஈரச் சாக்கைக் கையிலை சுத்தி சைலன்சர் வாயைக் கொஞ்சம் பொத்திப் பிடியும். நான் சொன்ன உடனை விடும், மூஞ்சையை அங்காலை திருப்பி வைச்சிரும்.”

ஸ்ராட் பண்ணினான். அவள் பொத்தினாள். பின்னால் வழியில்லாத காற்று முன்னால் சீறியது. டிக் டிக் சத்தம் பெரிதாகி, சவுக்காரத் தண்ணி குமிழி குமிழியாகப் பொங்கியது. “விடும்” என்றான். எஞ்சினை நிறுத்திவிட்டு அங்கேயே குந்தியிருந்தான். பொருத்தில் தலைமயிர் மாதிரி ஒரு வெடிப்பு, அதைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாகக் கரி.

“நீர் அண்டைக்கே சொன்னனீர்” என்றான்.

“ஓம்” என்றாள் அவள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்க் கராச்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான். வெடித்த துண்டை மாற்றி, மூடிக்குப் புது றப்பர் வைத்து, வேலை முடிந்தபிறகு திரும்பவும் சவுக்காரத் தண்ணி தெளித்துப் பார்த்தார்கள். குமிழி வரவில்லை. என்றாலும் ஓட்டத்துக்கு விடமுன், கராச்காரர் ஓட, றஜிந்தன் பக்கத்து முன்சீற்றில் கண்ணாடி பூட்டியபடி இருந்து நாவற்குழி போய்வந்தான். அவன் திரும்பும்வரை நிரோஜினி படலையடியில் நின்றாள். இறங்கியதும் அவன் முகத்தை நிமிர்த்திக் கண்ணைப் பார்த்தாள்.

“இடிக்கேல்லை” என்றான்.

“உண்மையாத்தான் சொல்லுறியளோ?”

“உண்மையாத்தான்.”

எமில் தை மாதம் முழுவதும் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு தன் ஓட்டோவில் யசிந்தாவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வந்தான். குழந்தை தவழத் தொடங்கியிருந்தது. நிரோஜினி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஆண்கள் இருவரும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் கதைத்தார்கள். பிறகு எமில் ஓட்டோப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“அத்தான், இதிலை ஒரு சத்தம் வருது. ஒருக்கா கேட்டுப் பாருங்கோவன்.”

றஜிந்தன் எழுந்தான். ஓட்டோவைப் போய்த் தொடவில்லை. “சத்தம் இருக்கட்டும். பின்னுக்கு இருந்து வாறது யசிந்தா. முதல்லை அவவைக் கேட்பம், அவவுக்கு என்ன தெரியுது எண்டு.”

யசிந்தா யோசித்தாள். “சத்தம் எனக்குக் கேக்கேல்லை. ஆனா இடப்பக்கம் திரும்பேக்கை காலுக்குக் கீழை நடுங்குது” என்றாள்.

“எந்தப் பக்கக் காலுக்கு?” என்று கேட்டுக்கொண்டே றஜிந்தன் நிலத்தில் குந்தினான்.